சுமைகூலி முக்கால் பணம்

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். பிரிட்டனில் பதினேழு, பதினெட்டு வயதில் லைசென்ஸ் வாங்கிய ஓர் இளைஞர் பழைய ‘மினி’ கார் ஒன்றை ஆசையோடு வாங்கி, அதன் பிரேக்கையும் எஞ்சினையும் மாற்றியமைத்துச் சாலையில் ஓட்ட நினைத்தால் அந்தப் பழமொழியின் பொருள் அவருக்கு நன்றாக விளங்கிவிடும். கார் வாங்கச் சேர்த்த பணத்தை அசைத்துப் பார்க்கும் தொகையை ஓராண்டுக் காப்பீட்டுக்குக் கேட்பார்கள். விலையே சொல்லாமல் கைவிரித்துவிடும் நிறுவனங்களும் பல. இளவயது, பழைய கார், மாற்றங்கள் என்ற மூன்றும் ஒரே விண்ணப்பத்தில் சேர்ந்து வருவதைக் காப்பீட்டு நிறுவனங்கள் விரும்புவதில்லை. இதைப் பேராசை என்று ஒரு தரப்பு சொல்கிறது, இளைஞர்களின் பொறுப்பின்மைக்கு உரிய தண்டனை என்று மறு தரப்பு சொல்கிறது. இந்த வணிகம் கடந்துவந்த பாதையைப் பார்த்தால் இரண்டுமே போதாத விளக்கங்கள் என்று தெரியும். காப்பீட்டாளர் தனக்குத் தெரியாததற்கே அதிகம் விலை வைக்கிறார். அவருக்குத் தெரிய வேண்டியது தெரியவந்த இடங்களில்தான் பிரீமியம் நேர்மையாகக் குறைந்திருக்கிறது. தெரிந்துகொள்ளாமலேயே மலிவாகக் கொடுத்தவர்கள் லட்சக்கணக்கானவர்களை நடுத்தெருவில் விட்டிருக்கிறார்கள்.

இந்த வணிகத்தின் வேர் கடலில் இருக்கிறது. சுமத்ரா தீவின் பென்கூலனில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மார்ல்பரோ என்ற கோட்டை ஒன்று இருந்தது. அதன் ஆளுநர் ஜார்ஜ் கார்ட்டர், அயல்நாட்டுப் பகைவர் யாரேனும் கோட்டையைப் பிடித்துவிட்டால் தனக்கு நேரக்கூடிய இழப்பை ஈடுகட்ட, 1759-இல் லண்டனில் ஓராண்டுக்குக் காப்பீடு எடுத்தார். மறு ஆண்டே பிரெஞ்சுத் தளபதி டெஸ்தேங் கோட்டையைப் பிடித்துக்கொண்டார். கோட்டை எவ்வளவு பலவீனமாக இருந்தது என்பதை ஆளுநர் சொல்லாமல் மறைத்துவிட்டார் என்று கூறிக் காப்பீட்டாளர் பணம் தர மறுத்தார். 1766-இல் இந்த வழக்கில் தீர்ப்பளித்த மான்ஸ்ஃபீல்டு பிரபு, காப்பீடு என்பது ஊகத்தின் மேல் நிற்கும் ஒப்பந்தம் என்றார். ஊகிக்கத் தேவையான செய்திகள் பெரும்பாலும் காப்பீடு எடுப்பவரிடமே இருப்பதால், அவர் உள்ளதை உள்ளபடி சொல்லக் கடமைப்பட்டவர் என்ற கொள்கையை அந்தத் தீர்ப்பு நிலைநிறுத்தியது. தீர்ப்பில் இன்னொரு பாதியும் உண்டு. அதற்குக் கடைசியில் வருவோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லாயிட்ஸ் காப்பீட்டுச் சந்தையில் முதன்முதலாகக் காருக்குப் பாலிசி எழுதியபோது, அதை ‘நிலத்தில் செல்லும் கப்பல்’ என்றே எழுதினார்கள் என்று அத்துறையினர் சொல்வதுண்டு. கப்பலுக்கான சட்டமே காருக்கும் வந்தது. கண்ணுக்கு எட்டாத கோட்டையைப் பற்றி ஆளுநரிடம் கேட்கும் நிலையில்தான் இன்றும் காப்பீட்டாளர் இருக்கிறார். வண்டிக் கொட்டகையில் நிற்கும் மினிக்குள் என்ன இருக்கிறது என்பது அதன் உரிமையாளருக்கு மட்டுமே தெரியும்.

தொடக்கத்தில் அந்த விண்ணப்பத்தை நிரப்ப வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. 1903-ஆம் ஆண்டின் மோட்டார் கார் சட்டம் வண்டிக்குப் பதிவெண் வேண்டும் என்றது. மணிக்கு 20 மைல் என்று வேகத்துக்கு எல்லை வைத்தது. பதினேழு வயது நிரம்பியவர் ஐந்து ஷில்லிங் கட்டினால் லைசென்ஸ் கிடைத்துவிடும், ஓட்டத் தெரியுமா என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. இதன் விலையைச் சாலையில் நடந்தவர்கள் கொடுத்தார்கள். 1930-இல் பிரிட்டன் சாலைகளில் ஓடிய வாகனங்கள் ஏறத்தாழ 23 லட்சம்; அந்த ஓராண்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 7,305 பேர். இன்று நான்கு கோடிக்கு மேற்பட்ட வாகனங்கள் ஓடும் அதே நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 1,600, 1,700 பேர்தான் இறக்கிறார்கள் என்பதோடு ஒப்பிட்டால் அன்றைய அவலம் புரியும். மோதியவரிடம் பணம் இல்லையென்றால், கால் இழந்தவர் வழக்கில் வென்றும் கையில் எதுவும் வராது. இதற்குத் தீர்வாக வந்த 1930-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் கார்களுக்கான பொது வேக எல்லையை நீக்கியது, அதே கையோடு மூன்றாம் தரப்புக் காப்பீட்டையும் கட்டாயமாக்கியது. ஓட்டுநர் தேர்வு கட்டாயமானது அதன் பிறகு, 1935 ஜூனில்தான். ஓட்டுபவருக்கு ஓட்டத் தெரியுமா என்று அரசு கேட்கத் தொடங்கும் முன்பே அவரைக் காப்பீட்டாளரின் வாசலுக்கு அனுப்பிவிட்டது.

சட்டத்தின் கண் முழுக்கவும் பாதிக்கப்பட்டவர் மேல் இருந்தது, அது சரியும்கூட. காப்பீட்டு ஒப்பந்தத்தில் ஓட்டுபவரின் வயதைப் பற்றியோ வண்டியின் நிலையைப் பற்றியோ கட்டுப்பாடு எழுதியிருந்தாலும், அதைக் காட்டி மூன்றாம் தரப்பினருக்குப் பணம் மறுக்கக் கூடாது என்று 1934-இல் இன்னொரு சட்டம் சொன்னது. காப்பீடே இல்லாத வண்டியால் அடிபட்டவர்களுக்காக 1946-இல் காப்பீட்டு நிறுவனங்கள் அனைத்தும் சேர்ந்து ‘மோட்டார் இன்ஷூரர்ஸ் பீரோ’ என்ற அமைப்பை நிறுவின. அதே ஆண்டில்தான் இந்தியாவிலும் 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் கட்டாயக் காப்பீட்டுப் பகுதி நடைமுறைக்கு வந்தது. ‘தேர்டு பார்ட்டி’ என்று நம் ஊர் ஆர்டிஓ அலுவலக வாசல்வரை புழங்கும் சொல்லின் பூர்விகம் அந்த பிரிட்டன் சட்டம்தான். இவ்வளவு ஏற்பாட்டிலும் ஓர் இடம் காலியாகவே விடப்பட்டது. காப்பீடு வாங்கியே ஆக வேண்டும் என்று ஓட்டுபவரைக் கட்டாயப்படுத்திய சட்டம், விற்றே ஆக வேண்டும் என்று எந்த நிறுவனத்தையும் கட்டாயப்படுத்தவில்லை, இவ்வளவுதான் விலை என்றும் சொல்லவில்லை. வாங்குபவருக்கு மட்டும் கட்டாயம் இருக்கும் சந்தையில் யாருக்கும் தெரியாத புதியவர்தான் முதலில் ஓரங்கட்டப்படுவார். இளம் ஓட்டுநரின் துன்பம் அந்தக் காலியிடத்தில் தொடங்குகிறது.

நிறுவனங்கள் பல ஆண்டுகள் கட்டண உடன்பாடு ஒன்றின் கீழ் இயங்கின. முன்னணி நிறுவனங்கள் கூடிப் பேசி, வண்டியின் தரம், ஓட்டப்படும் ஊர் போன்ற சில அடையாளங்களை வைத்துப் பொதுவான பிரீமிய அட்டவணை ஒன்றை வைத்திருந்தன. ஓட்டுபவர் நிதானமானவரா, மழை நாளில் வேகத்தைக் குறைப்பவரா என்று காகிதத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. அதற்கு ஈடாக வயது என்ன, தொழில் என்ன, எந்த ஊர் என்று கேட்டார்கள். விபத்தின்றி ஓராண்டு ஓட்டியவருக்கு மறு ஆண்டு தள்ளுபடி தரும் நோ கிளெய்ம் போனஸ் ஒன்றுதான் ஓட்டுபவரின் சொந்த நடத்தையைப் பார்த்த ஏற்பாடு. புதிதாக வருபவரிடம் காட்ட எதுவும் இல்லை என்பதால் அதுவும் அவருக்கு உதவவில்லை. ஆக, மனிதரைப் பார்க்க முடியாத இடத்தில் அவருடைய அடையாளங்கள் விலையைத் தீர்மானித்தன.

இந்த அட்டவணைக்குள் அடங்காத ஒரு கார் 1959 ஆகஸ்டு 26-ஆம் தேதி சந்தைக்கு வந்தது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மினி அது. எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்து, பத்தே அங்குலச் சக்கரங்கள் பொருத்தி, நான்கு பேர் உட்காரும் இடத்தைப் பத்தடி நீளத்துக்குள் அடக்கிய அதன் விலை வரியோடு சேர்த்து 500 பவுண்டுக்குள் இருந்தது. 848 சிசி எஞ்சின், 34 குதிரைத்திறன். 1961-இல் வந்த ‘மினி கூப்பர்’ 997 சிசியும் 55 குதிரைத்திறனும் கொண்டது. அதன் ‘கூப்பர் எஸ்’ வகை 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மான்டி கார்லோ பந்தயத்தில் வென்றபோது, வீட்டு வாசலில் நிற்கும் சாதாரண மினியையும் அப்படி ஆக்கிப் பார்க்கும் ஆசை ஊரெங்கும் பரவியது. அதற்கு வழியும் எளிது. ஏ-சீரிஸ் எனப்படும் அந்த எஞ்சின் குடும்பம் 1951 முதலே பல கார்களில் ஓடிக்கொண்டிருந்தது, பாகங்கள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பெரும்பாலும் பொருந்தின. 2000 அக்டோபரில் உற்பத்தி நிற்கும்வரை 53 லட்சத்துக்கும் மேற்பட்ட மினிகள் வெளிவந்தன. அவற்றுள் பழையவை மலிவாகக் கிடைத்ததால், தலைமுறை தலைமுறையாக இளைஞர்கள் கார் வேலை கற்றுக்கொண்டது இந்த வண்டியில்தான்.

அந்த வேலையில் ஒன்றைக் கிட்டப்போய்ப் பார்க்கலாம். ஆரம்பகால மினியின் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். மிதியை அழுத்தும்போது உருளைக்குள் இருக்கும் இரண்டு பட்டைகள் விரிந்து உள்சுவரை உரசி வண்டியை நிறுத்தும். நீண்ட இறக்கத்தில் திரும்பத் திரும்ப அழுத்தினால் உருளைக்குள் வெப்பம் தேங்கிப் பிடிமானம் தளரும். 1961-இன் கூப்பரில் முன்சக்கரங்களுக்கு 7 அங்குல டிஸ்க் வைத்தார்கள். 1984-இல் சாதாரண மினிக்கே 12 அங்குலச் சக்கரமும் 8.4 அங்குல டிஸ்க்கும் தொழிற்சாலையிலேயே வந்துவிட்டன. 1960-களின் மினி ஒன்றை வாங்கிய இளைஞர் பிற்கால டிஸ்க் பிரேக்கைத் தேடி வாங்கிப் பொருத்தினால், தயாரிப்பாளரே பின்னாளில் செய்த திருத்தத்தைத்தான் அவரும் செய்கிறார். வண்டி முன்பைவிடக் குறைந்த தூரத்தில், நம்பகமாக நிற்கிறது. அதே கொட்டகையில் இன்னொருவர் பிரேக்கைத் தொடாமல் இரட்டைக் கார்புரேட்டரும் பெரிய எஞ்சினும் பொருத்துகிறார். விண்ணப்பமோ இருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்கிறது: தயாரிப்பாளர் தந்த அமைப்பிலிருந்து வண்டி மாற்றப்பட்டிருக்கிறதா? இருவரும் ‘ஆம்’ என்றே எழுத வேண்டும். பட்டியலைத் திறந்து படிக்காத நிறுவனத்துக்கு இருவரும் ஒன்றுதான். தெரியாததற்கு வைக்கும் விலை என்று தொடக்கத்தில் சொன்னது இதைத்தான்.

மினி புகழின் உச்சியில் இருந்த அதே ஆண்டுகளில், கேள்வி அதிகம் கேட்காமல் மலிவாகக் காப்பீடு தருகிறேன் என்று ஒருவர் வந்தார். எமில் சவுந்திரா, 1923-இல் இலங்கையில் பிறந்த தமிழர். 1963-இல் லண்டனில் அவர் தொடங்கிய ‘ஃபயர், ஆட்டோ அண்ட் மரைன்’ நிறுவனம் மற்றவர்களைவிட மிகக் குறைந்த பிரீமியத்தில் கார்களை அள்ளிச் சேர்த்தது. அன்றைய சட்டப்படி 50,000 பவுண்டு மூலதனம் காட்டினால் காப்பீட்டு நிறுவனம் தொடங்கிவிடலாம். வந்த பணம் நிறுவனத்திலிருந்து வெளியே கசிந்துகொண்டே இருந்தது. இழப்பீட்டுக்கு ஆதரவாகக் காட்டிய முதலீட்டுப் பத்திரங்களில் போலிகள் இருந்தன. 1966-இல் நிறுவனம் கவிழ்ந்தபோது ஏறத்தாழ நான்கு லட்சம் பேர் ஒரே நாளில் காப்பீடு இல்லாதவர்களாக ஆனார்கள். 1967 தொடக்கத்தில் டேவிட் ஃப்ராஸ்ட்டின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பாதிக்கப்பட்டவர்கள் முன்னிலையில் அமர்ந்து, தனக்குப் பொறுப்பில்லை என்று அவர் பேசியது பிரிட்டனை உலுக்கியது. 1968-இல் எட்டு ஆண்டுச் சிறையும் 50,000 பவுண்டு அபராதமும் விதிக்கப்பட்டன. தமிழர் ஒருவர் பெயர் இப்படி இடம்பெற்ற அத்தியாயம் என்பதால் அதைக் கடந்து செல்லக் கூடாது. மலிவுக்காக ஏங்கிய எளிய மக்களின் நம்பிக்கையைக் கொண்டு அவர் பிழைத்தார், அவர்களையே கைவிட்டார்.

மோசடிக்காரர் ஒருவரின் கதையை வைத்து மலிவான காப்பீடு எல்லாமே ஆபத்து என்று சொல்லலாமா என்று கேட்கலாம். அடுத்து நடந்தது அதற்குப் பதில். ‘வெஹிக்கிள் அண்ட் ஜெனரல்’ நிறுவனம் விபத்தில்லாத ஓட்டுநர்களை ஈர்க்கத் தாராளமான நோ கிளெய்ம் போனஸும் குறைந்த கட்டணமும் தந்து, பிரிட்டனின் கார் உரிமையாளர்களில் பத்தில் ஒருவரைத் தன்பக்கம் சேர்த்துக்கொண்டது. நல்ல ஓட்டுநரைத் தேடிப் பிடிப்பது என்ற யோசனையில் பிழையில்லை. வாங்கிய பிரீமியம் வரப்போகும் இழப்பீடுகளுக்குப் போதவில்லை என்பதுதான் பிழை. 1971 மார்ச்சில் அது விழுந்தது. லட்சக்கணக்கானோர் மீண்டும் காப்பீடின்றி நின்றார்கள், அரசு விசாரணைத் தீர்ப்பாயம் அமைத்தது, 1975-இல் பாலிசிதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பழைய கட்டண உடன்பாடும் 1960-களோடு முடிந்துபோய், நிறுவனங்கள் தத்தம் கணக்குப்படி விலை வைக்கும் காலம் தொடங்கியிருந்தது. இழப்பீடு தரும் நாளில் உயிரோடு இருக்காத நிறுவனத்தின் பிரீமியம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அது வீண்செலவுதான். பணம் குறைவாக இருக்கும் இளைஞர்கள்தான் இந்தப் பாடத்தை அதிகம் நினைவில் வைக்க வேண்டியவர்கள். விலையை மட்டும் பார்த்து வாங்கும்படி அவர்களைத்தான் தேவை தள்ளுகிறது.

இதற்கு நேர்மாறாக, நேர்மையாகவே மலிவான காப்பீடு ஒரு மூலையில் வளர்ந்தது. பிரிட்டனின் வெட்டரன் கார் கிளப் 1930-இல் தொடங்கியது, விண்டேஜ் ஸ்போர்ட்ஸ் கார் கிளப் 1934-இல். போருக்குப் பின் ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு கிளப் என்று பெருகி, 1988-இல் அவற்றுக்கெல்லாம் ஒரு கூட்டமைப்பும் வந்தது. இந்தச் சங்கங்களை ஒட்டி வளர்ந்த கிளாசிக் பாலிசியின் சூத்திரங்கள் எளியவை. வழக்கமான பாலிசி, கார் அழிந்தால் அன்றைய சந்தை மதிப்பைத் தரும். பழைய காருக்கு அது அநியாயமாகக் குறைந்துவிடலாம். கிளாசிக் பாலிசியில் புகைப்படங்களையும் ரசீதுகளையும் பார்த்து இருவரும் முன்கூட்டியே ஒரு மதிப்புக்கு உடன்படுகிறார்கள். ஆண்டுக்கு 1,500 மைல், 3,000 மைல் என்று ஓட்டும் தூரத்துக்கு எல்லை. இரவில் பூட்டிய கொட்டகை. அன்றாடப் பயன்பாட்டுக்கு வேறு கார். கிளப் உறுப்பினர் என்றால் தள்ளுபடி. ஆனால் அந்த மலிவு காருக்கு உரியதல்ல, அதை வைத்திருப்பவருக்கு உரியது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுத்து, திரும்பி வந்ததும் துடைத்து வைக்கும் ஐம்பது வயதுக்காரரின் நிதானமே கிளாசிக் காப்பீட்டைக் குறைந்த விலைக்குத் தந்தது. அதனால்தான் பல கிளாசிக் பாலிசிகள் 21 அல்லது 25 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கதவைச் சாத்துகின்றன. கார் பழையதாக இருப்பதால் தனக்கும் கிளாசிக் விலை கிடைக்கும் என்று நம்பி வரும் இளைஞர் ஏமாறுவதன் காரணமும் இதுவே.

மாற்றியமைத்த கார் உண்மையிலேயே ஆபத்து கூடியது, அதன் சுமையை மற்றவர்கள் ஏன் தாங்க வேண்டும் என்பது வலுவான ஆட்சேபம். வேகத்துக்காகச் செய்த மாற்றங்களைப் பொறுத்தவரை அதில் நியாயம் உண்டு. எஞ்சினைப் பெரிதாக்கியவர் கூடுதலாகக் கொடுப்பதுதான் முறை. ஆனால் மாற்றம் என்ற சொல் ஆபத்து என்ற சொல்லுக்கு இன்னொரு பெயர் ஆகாது என்பதைக் காப்பீட்டுத் துறையின் வரலாறே காட்டுகிறது. 1990-களின் தொடக்கத்தில் பிரிட்டனில் கார்த் திருட்டு உச்சத்தில் இருந்தது. வேகமான சிறிய கார்களைத் திருடி ஓட்டிச் சிதைப்பது பெருகியதால், அவற்றின் பிரீமியம் இளைஞர்கள் நெருங்க முடியாத உயரத்துக்குப் போனது. அப்போது நிறுவனங்கள் செய்தது என்ன? சாவி இல்லாமல் எஞ்சின் கிளம்பவிடாத இம்மொபிலைசரைப் பொருத்தச் சொன்னார்கள், தரம் வகுத்தார்கள், பொருத்தியவர்களுக்குச் சலுகை தந்தார்கள். 1998 அக்டோபர் முதல் புதிய கார்களில் அது கட்டாயமானது. தயாரிப்பாளர் தராத ஒன்றைப் பின்னர் பொருத்துவது மாற்றம்தான். தன் இழப்பைக் குறைக்கும் மாற்றத்தைக் காப்பீட்டாளர் மனமுவந்து ஏற்றுக்கொண்டார். திருட்டைத் தடுக்கும் பெட்டிக்குக் கிடைத்த மதிப்பு மோதலைத் தடுக்கும் பிரேக்குக்கும் கிடைக்க வேண்டும் என்று கேட்பது தர்மம் கேட்பதாகாது. அவர்களுடைய கணக்கையே அவர்கள் முழுமையாகப் போட வேண்டும் என்பதுதான் கோரிக்கை.

அப்படிப் போடாததற்கு ஒரு காரணம் உண்டு. 1985-இல் ‘டைரக்ட் லைன்’ என்ற நிறுவனம் தொலைபேசி வழியே காப்பீட்டை நேரடியாக விற்கத் தொடங்கியபோது, தரகருக்குப் போகும் கமிஷன் மிச்சமாகிச் சாதாரண ஓட்டுநருக்கு விலை குறைந்தது. அது பெரிய நன்மை. கணினித் திரையில் உள்ள கேள்விகளுக்கு விடை சொல்லும் முறை அதன் பின் நாடெங்கும் பரவியது. திரையில் இடமில்லாத எதுவும் விலை பெறாது அல்லது மறுக்கப்படும் என்பது அந்த வசதியின் மறுபக்கம். டிஸ்க் பிரேக்கையும் இரட்டைக் கார்புரேட்டரையும் பிரித்தறிய ஒரு மனிதர் பட்டியலைப் படிக்க வேண்டும். அந்த வேலையைச் சிறப்புத் தரகர்கள் ஏற்றுக்கொண்டார்கள். மாற்றங்களின் பட்டியல், ரசீதுகள், பொறியாளர் அறிக்கை ஆகியவற்றைப் பார்த்து விலை சொல்லும் அவர்களிடம்தான் இளைஞர்களின் மினிகளுக்கு ஓரளவு நியாயம் கிடைக்கிறது.

எதற்கு இவ்வளவு பாடு, மாற்றங்களைச் சொல்லாமலே விட்டால் ஆகாதா என்ற சபலம் பலருக்கும் வருவதுதான். பெற்றோர் பெயரில் பாலிசி எடுத்து, பிள்ளைதான் முக்கிய ஓட்டுநர் என்பதை மறைக்கும் வழக்கமும் அந்த வகையே. சட்டத்தின் கண்ணில் அது மோசடி. பழைய சட்டத்தில் முக்கியமான ஒரு செய்தியைச் சொல்லாமல் விட்டாலே, அறியாமல் விட்டிருந்தாலும், முழு ஒப்பந்தத்தையும் நிறுவனம் ரத்து செய்யலாம். 2012-இல் நிறைவேறி மறு ஆண்டு நடைமுறைக்கு வந்த நுகர்வோர் காப்பீட்டுச் சட்டம் இந்தக் கொடுமையைத் திருத்தியது. கேட்கும் கேள்விகளுக்கு நியாயமான கவனத்தோடு உண்மையாக விடை தந்தால் போதும். கவனக்குறைவால் பிழை நேர்ந்தால், கட்டிய பிரீமியத்தின் விகிதத்துக்கு ஏற்ப இழப்பீடு குறையும்: 1,000 பவுண்டு கட்ட வேண்டியவர் 750 கட்டியிருந்தால், 4,000 பவுண்டு இழப்புக்கு 3,000 கிடைக்கும். தெரிந்தே மறைத்தவருக்கு இந்த இரக்கம் கிடையாது. அடிபட்டவருக்கு நிறுவனம் கொடுத்த பணத்தையும் அவரிடம் திருப்பிக் கேட்கலாம். காப்பீடு இல்லாமல் ஓட்டும் வண்டியைக் காவல்துறை பறிமுதல் செய்ய 2005-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. அந்தக் குற்றத்துக்கு ஆறு தண்டப் புள்ளிகள். லைசென்ஸ் வாங்கி இரண்டு ஆண்டுக்குள் ஆறு புள்ளிகள் சேர்ந்தால் லைசென்ஸே போய்விடும். மறைப்பது யாருக்கு ஆபத்தோ இல்லையோ, இளைஞருக்குத்தான் மிகப் பெரிய ஆபத்து.

இதெல்லாம் சரி, ஒருவர் செய்யாத குற்றத்துக்கு அவருடைய வயதுக்காரர்கள் அனைவரின் கணக்கையும் அவர் தலையில் கட்டுவது நியாயமா என்ற கேள்வி மிஞ்சுகிறது. இதற்கு இணையான கேள்வியைப் பாலினம் குறித்து ஐரோப்பிய நீதிமன்றம் சந்தித்தது. 2011 மார்ச்சில் வந்த தீர்ப்பின்படி, 2012 டிசம்பர் 21 முதல் ஆண், பெண் என்று பார்த்துப் பிரீமியம் வைக்கக் கூடாது. அதுவரை குறைவாகக் கட்டிவந்த இளம்பெண்கள் அந்த அனுகூலத்தை இழந்தார்கள். ஓர் அடையாளத்தை மட்டும் நீக்கினால் சுமை இடம்மாறுமே தவிர மறைந்துவிடாது என்பதை இது காட்டுகிறது. வயதையும் அப்படி நீக்கினால் முதியவர்கள் கட்ட வேண்டிவரும். வயதுக்கும் விபத்துக்கும் உள்ள தொடர்பு கற்பனையும் அல்ல. புதிய ஓட்டுநரின் விபத்து வாய்ப்பு வயதாலும் குறைகிறது, அனுபவத்தாலும் குறைகிறது, முதல் சில மாத அனுபவத்திலேயே கணிசமாகக் குறைகிறது என்று பிரிட்டனின் சாலை ஆய்வுக்கூடம் 1990-களில் செய்த ஆய்வுகள் காட்டின. வயதைப் போல அனுபவம் பிறப்புச் சான்றிதழில் எழுதப்பட்டதல்ல. அது ஒவ்வொருவரும் ஈட்டிக் காட்டக்கூடியது. ஆகவே வயதைத் தடைசெய்வதைவிட, தன்னைக் காட்டிக்கொள்ள இளைஞருக்கு விரைவாக வழிவிடுவதே நியாயம்.

அப்படி ஒரு வழியாகத்தான் வண்டியில் பொருத்தும் பதிவுப் பெட்டி வந்தது. நார்விச் யூனியன் நிறுவனம் 2006-இல் ஓட்டும் தூரத்தையும் நேரத்தையும் பார்த்து விலை வைக்கும் பாலிசியை அறிமுகப்படுத்தி, போதிய வரவேற்பு இல்லாமல் 2008-இல் நிறுத்தியது. பின்வந்த ஆண்டுகளில் அதே யோசனை இளம் ஓட்டுநர்களிடையே வேரூன்றியது. பழைய காருக்கு இது எளிதில் பொருந்துவதில்லை: 1969-க்கு முந்தைய மினிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் வண்டியின் உடலோடு இணைந்திருக்கும், இக்காலக் கருவிகளோ நெகட்டிவ் இணைப்பை எதிர்பார்க்கும். பெட்டி வைக்கவே மின்னமைப்பைத் திருப்ப வேண்டும், அதுவும் ஒரு மாற்றமாக எழுதப்பட வேண்டும். எந்நேரமும் கண்காணிக்கும் பெட்டி சுதந்திரத்துக்குக் கேடு என்ற அச்சத்தை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. எவ்வளவு காலம், எந்தத் தகவல், யார் கையில் என்று வரையறுக்காமல் அதை ஏற்கக் கூடாது. ஆனால் ஓராண்டுப் பதிவைத் தானே முன்வந்து தரும் உரிமை இளைஞருக்கு இருப்பது நல்லதே. சாதாரண கார் ஒன்றை முதலில் ஓட்டிப் போனஸ் ஈட்டுவது, கிளப்பில் சேர்ந்து மூத்தவர்கள் பார்வையில் வேலை செய்வது, ஒவ்வொரு மாற்றத்துக்கும் படமும் ரசீதும் வைத்துக் கோப்பு கட்டுவது, தூரத்துக்கு எல்லை ஏற்பது என்று அனுபவசாலிகள் சொல்லும் யோசனைகள் எல்லாவற்றின் சாரமும் ஒன்றுதான். அறிமுகமில்லாதவர் அறிமுகமானவராக ஆவது.

அறிமுகம் ஒருவழிப் பாதை ஆகிவிடக் கூடாது. பென்கூலன் வழக்கின் மறுபாதி இங்கேதான் வேண்டியிருக்கிறது. உள்ளதைச் சொல்லும் கடமையை ஆளுநர்மேல் வைத்த மான்ஸ்ஃபீல்டு பிரபு, வழக்கில் ஆளுநருக்குச் சாதகமாகவே தீர்ப்பளித்தார். தொலைதூரக் கோட்டைக்கு ஆபத்து உண்டு என்பது லண்டனில் இருந்த காப்பீட்டாளருக்கும் தெரிந்ததே. அவர் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. கேட்காமல் பிரீமியத்தை வாங்கிக்கொண்டு, இழப்பு வந்த பிறகு சொல்லவில்லையே என்று குற்றம் சாட்டுவது நேர்மையாகாது. நல்லெண்ணக் கடமை இரு தரப்புக்கும் உரியது என்பதே அந்தத் தீர்ப்பின் முழுமை. அதன் பிறகு வந்த காலம் சொல்லும் பாதியை இளைஞர் தலையில் ஏற்றியது, கேட்கும் பாதியை மறந்துவிட்டது. கோப்போடு வரும் இளைஞருக்காக அதைத் திறந்து படித்து, பிரேக்குக்கு ஒரு விலை, எஞ்சினுக்கு ஒரு விலை என்று பிரித்துச் சொல்ல வேண்டியது நிறுவனங்களின் கடமை. காப்பீட்டைக் கட்டாயமாக்கிய அரசும் அதைக் கேட்டு வாங்கித்தர வேண்டும். அப்போதும் புதியவருக்குச் சுமைகூலி கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும். கூலி எதற்கு என்று அவருக்குத் தெரிந்திருக்கும், அடுத்த ஆண்டு அதைக் குறைக்க என்ன செய்ய வேண்டும் என்றும் தெரிந்திருக்கும்.